திரும்பிப்போன மெயில்

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கின் மெயில் சர்வர் ஜெயப்பிரகாஷின் பொறுப்பு. கருணாபுரத்தில் அவன் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் அவன் ஒருவன்தான். அந்தப் பெருமையிலேயே சில வருஷங்களை ஓட்டிவிட்டான். இப்போது சென்னைக் கம்பெனி ஒன்று அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவன் இங்கே வேலை செய்வது உண்மையா என்று கேட்டு பாலிடெக்னிக்குக்கு ஒரு மெயில் வரும். மேனேஜர் அரங்கநாதன் ஆமாம் என்று பதில் போட்டால் வேலை உறுதி.

அந்த வாரம் பார்த்து வெளி மெயில் நின்றது. லைனைச் சந்தேகித்தான், லைன் சரியாக இருந்தது. தன் செல்போனிலிருந்து ஒன்று அனுப்பினான். போன வேகத்தில் திரும்பி வந்தது: இடம் இல்லை.

சர்வர் டிஸ்க் முழுக்கத் தாளாளர் மகனின் கல்யாண ஃபிளெக்ஸ். ஒவ்வொரு துறையும் ஒரு டிசைன் செய்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தது. யார் தலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று திருத்தி, மறுபடி எல்லோருக்கும்.

"பென் டிரைவ்ல ஏத்தி வெச்சிட்டு இங்க அழிச்சிடறேங்க சார்."

"இன்னாப்பா வெள்ளாடுறியா? பெரியவரு மூஞ்சிய அழிச்சிட்டாங்கன்னு எவனாவது போட்டுக் குடுத்தா நீயா வந்து நிப்ப?" என்றார் அரங்கநாதன். "கல்யாணம் முடியட்டும்."

"என் வேலைக்கான மெயிலு வரணும் சார். உங்களுக்குத் தெரியுமே."

"எங்க ஓடிப்பூடப் போவுது? வரும்யா. மொதல்ல நம்ம ஆபீஸ் டிசைன்ல என் போட்டோ கடுகாட்டம் கீது. பெருசாக்கி எல்லாருக்கும் அனுப்பச் சொல்லு."

ஜெயப்பிரகாஷ் தன் பெட்டியில் இருந்ததையெல்லாம் அழித்தான். கொஞ்சம் வழி பிறந்தது. மதியம் அரங்கநாதனின் பெருத்த தலை எல்லோர் பெட்டிக்கும் வந்து இறங்கியது. மறுபடி அடைத்துக்கொண்டது.

சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"உங்க ஆபீஸுக்கு அனுப்பினதெல்லாம் திரும்பி வந்துடுச்சு. அப்படி ஒரு அட்ரஸ் இருக்கா?"

"இருக்குங்க மேடம். டிஸ்க் ஃபுல்லாயிடுச்சி."

"அந்த சர்வரை யார் பாத்துக்கறாங்க?"

"நான்தாங்க."

அவள் மிகவும் மரியாதையாக நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ஃபிளெக்ஸ் எல்லாவற்றையும் அன்றே அழித்தான். வெளி மெயில்கள் மளமளவென்று வந்து விழுந்தன; சென்னைக் கம்பெனியிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. கல்யாணமும் நடந்து முடிந்தது. எதையாவது காணோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.