கல்லுக்குள் போகிற கை

என் ஓரகத்தியை இந்த வீட்டுக்கு மருமகளாக எடுத்தது முகத்தைப் பார்த்து அல்ல, கையைப் பார்த்து. மாமனார் ஆற்றங்கரைச் சரிவுகளில் புல் கல் பதிக்கும் மேஸ்திரி. பெண் கேட்டுப் போன வீட்டில் அவள் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். மனுஷர் தண்ணீரை வாங்காமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் அவள் கண்ணைப் பார்த்து மயங்கிக் கிடந்தான். அப்பாவும் மகனும் ஆளுக்கொரு காரணத்துக்காக ஒரே பெண்ணுக்குத் தலையாட்டினார்கள். என் கதை மட்டும் என்ன வாழ்ந்ததாம்? நான் வந்த காலத்தில் அவர்களுக்குக் கட்டட வேலை. கழுத்து எத்தனை பாரம் தாங்கும் என்று பார்த்துத்தான் என்னை எடுத்தார்கள்.

புல் கல் என்பது சிமெண்டில் வார்த்த கனமான பலகை. நெடுக ஓட்டைகள் இருக்கும். கரையைச் சரிவாகச் செதுக்கி, துணி விரித்து, தண்ணீர் ஓரத்திலிருந்து மேல்நோக்கி ஒன்றோடொன்று கோத்துப் பதிப்போம். பிறகு ஓட்டைக்குள் மண் போட்டுப் புல்லை நட வேண்டும். வேர் கீழே இறங்கினால்தான் கரை நிற்கும். குச்சியால் குத்தினால் வேர் நசுங்கிவிடும், கையை விட்டு அமுக்க வேண்டும். ஓட்டையோ குறுகல். மாமனார் கை முறம். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அதே முறம். என் கையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே அவள்தான். நாங்கள் கல்லைத் தூக்கினோம், மண்ணைக் கொட்டினோம், நடுவே நிமிர்ந்து நின்று கதையும் பேசினோம். அவள் மட்டும் முழங்காலில் மண்டியிட்டு ஓட்டை ஓட்டையாக நகர்ந்தாள். ஒரு கரை முடிந்தால் அடுத்த கரை.

மாமனார் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அவள் பாத்திரம் தேய்க்கக் கூடாது, கத்தியைத் தொடக் கூடாது. வெங்காயம் நறுக்க நான் இருக்கிறேனே! அக்கம்பக்கத்தில், "மருமகளை எப்படித் தாங்குறார் பாரு" என்பார்கள். தாங்கினார்தான். இறக்கி மட்டும் விடவில்லை.

எங்களுக்குப் புல் கொண்டு வருகிற நாற்றுப் பண்ணைக்காரி ஒருநாள் அவளிடம், "என்கிட்ட வந்துடும்மா. நிழல்ல நின்னுக்கிட்டே செய்யற வேலை" என்றாள். அன்று சாப்பிடும்போது இவள் மெல்லப் பேச்செடுத்தாள்.

"நீ போயிட்டா நாங்க எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார வேண்டியதுதான்" என்றார் மாமனார்.

கொழுந்தன் தட்டைப் பார்த்தான். நல்ல பையன், வாய் மட்டும் அவன் அப்பாவிடம் இருக்கிறது.

மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று போன வருஷம் ஒரே அவசரம். அடி வரிசைக்குச் சரியாக முட்டுக் கொடுக்காமலே மேலே மேலே ஏற்றினார்கள். அவள் கை உள்ளே இருக்கும்போது வரிசை அப்படியே ஒரு சாண் சரிந்தது. அவள் கத்திய கத்தலில் நான் மண்கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அடியில் கிடந்த பாறையில் கை நசுங்கி, உள்ளேயே வீங்கிவிட்டது. வெளியே வரவில்லை.

"கல்லை உடைச்சா மேல் வரிசை மொத்தமும் கழண்டு வருமே" என்று மாமனார் தலையைச் சொறிந்தார்.

சுத்தியலை எடுத்து உடைத்தது நான்தான்.

காயம் ஆறிய பிறகும் விரல் முட்டிகள் புடைத்தே நின்றுவிட்டன. வைத்தியர் இனி வற்றாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் பின்பக்கம் கிடந்த ஒரு கல்லில் கையை விட்டுப் பார்த்தாள். முட்டியில் தடுத்து நின்றது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். விரல் கோணிப்போனதற்கு ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாளா என்று எனக்கு அழுகை வந்தது. பண்ணைக்காரிக்குச் சொல்லியனுப்பினாள், திங்கட்கிழமை வருகிறேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமனார் அந்தக் கல்லைக் கூடத்துக்குத் தூக்கி வந்து சுவரில் சாய்த்து வைத்தார். மூன்றாம் வகுப்பு படிக்கிற பேத்தியை, என் ஓரகத்தியின் மகளை, கூப்பிட்டார். "தங்கம், இதுல கையை விடு பார்க்கலாம்."

குழந்தை முழங்கை வரை விட்டுவிட்டுக் கலகலவென்று சிரித்தது.

"அம்மா கை மாதிரியே! பள்ளிக்கூடம் விட்டு வந்து சும்மாதானே இருக்கா. சாயங்காலம் ஒரு மணி நேரம், விளையாட்டு மாதிரி." அவர் ஆசையோடுதான் சொன்னார்.

கொழுந்தன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். நான் அடுப்பை விட்டு எழுந்து வருவதற்குள் அவள் வந்து மகளின் கையை வெளியே இழுத்துவிட்டாள். தன் கையை ஓட்டையில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். முட்டி தடுத்தது. உடம்பையே சாய்த்து அழுத்தினாள். தோல் உரிவது எனக்குத் தெரிந்தது. கை உள்ளே போய்விட்டது.

"போகுது பாருங்க மாமா. நாளைக்கு நானே வரேன். பாப்பா படிக்கட்டும்."

"அப்புறம் என்னம்மா, நல்லதாப் போச்சு" என்று அவர் நிம்மதியாகக் கை கழுவப் போனார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் தலை மறைந்ததும் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, கொஞ்சம் சோப்பு கொண்டு வாயேன். வெளிய வரமாட்டேங்குது."