சும்மா நிற்பது

எங்கள் ஜவுளிக்கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. அதில் நான் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சேலைகளைப் பிரித்துக் காட்டுவதும் மடித்து அடுக்குவதுமாக நாள் முழுக்க நின்றபடியேதான் இருப்பேன். நிற்பதை ஒரு வேலையாக நினைத்ததே இல்லை, போன மாசி மாதம் ஒரு காலையில் படுக்கையை விட்டு எழும்வரை.

எழுந்து தலையைத் திருப்பினேன். அறை சுற்ற ஆரம்பித்தது. மின்விசிறி ஓடவில்லை, அதைச் சுற்றிச் சுவரெல்லாம் ஓடியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த என் கணவர் தம்ளரோடு ஓடி வந்தார்.

"என்னட்டி செய்யுது?"

"வீடு சுத்துது."

"வீடு இங்கனயேதான் இருக்கு. பயப்படாத."

அன்றைக்கே திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். காது டாக்டர் என்னைப் படுக்கவைத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பினார். ஒருமுறை பயங்கரமாகச் சுற்றி, அப்படியே அடங்கிப் போயிற்று.

"காதுக்குள்ள பொடிப்பொடியா சுண்ணாம்புத் துகள் இருக்கும்மா. அது இடம் மாறிட்டுது. திரும்ப அதோட இடத்துக்கே அனுப்பிட்டேன்" என்றார்.

"சுண்ணாம்பா? இவளுக்கு வெத்தலை போடுத பழக்கம்கூட கிடையாதே டாக்டர்" என்றார் என் கணவர். டாக்டர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது.

சுற்றல் போனது, பயம் போகவில்லை. வீட்டில் சுவரோரமாகவே நடந்தேன். கடையில் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சேலையை விரித்தேன். ஒரு கையால் முந்தியைக் காட்ட முடியுமா? வந்தவர்கள் தாங்களே பிரித்துப் பார்த்துக்கொண்டார்கள். முழங்காலை விறைத்துக்கொண்டு நின்று நின்று, சாயங்காலமானால் இடுப்பு விட்டுப்போகும்.

மறுபடி போனபோது டாக்டர் என்னை நிற்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஏம்மா தூண் மாதிரி நிக்கிறீங்க?"

"அசைஞ்சா விழுந்துருவேன்னு இருக்கு டாக்டர்."

"அசையாம யாருமே நிக்க முடியாதும்மா. கொஞ்சம் முன்னால சாய்வீங்க, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பின்னால போனா திரும்பக் கொண்டுவரும். கண்ணு, காது, பாதம் மூணும் மூளைக்குச் சேதி சொல்லிக்கிட்டே இருக்கும். உங்க காது ஒரு தடவை தப்பாச் சொல்லிட்டுதுன்னு, நீங்க எதையும் நம்பாம உடம்பைப் பூட்டி வச்சிருக்கீங்க. அப்படி இருந்தாத்தான் சீக்கிரம் விழுவீங்க."

தினமும் சுவர்ப் பக்கமாக, காலைச் சேர்த்துவைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். பழகியபின் தலையணைமேல் ஏறி நிற்க வேண்டும். பக்கத்தில் கட்டாயம் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

காலையில் மொட்டைமாடிக்குப் போவோம். கண்ணை மூடியதும் முதலில் பதறினேன். பிறகுதான் பாதத்தைக் கவனித்தேன். முன்பாதம் அழுந்தியது, அடுத்து குதிகால் அழுந்தியது. விரல்கள் தாமாகவே தரையைப் பற்றின. ரொம்ப ஆடியபோது ஒரு விரல் நுனியால் சுவரைத் தொட்டேன். சாயவில்லை, சும்மா தொட்டேன், அவ்வளவுதான். சட்டென்று ஆட்டம் குறைந்துவிட்டது. என்னைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டியதில்லை, நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தால் போதும் என்பது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

காவலுக்கு நின்ற என் கணவருக்குக் கொஞ்ச நாளிலேயே அலுத்துவிட்டது.

"இதுல என்ன இருக்கு? நான் ஒத்தக் கால்லயே நிப்பேன், பாரு" என்று வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி, ஒரு காலைத் தூக்கினார். கை இரண்டும் காற்றில் துழாவின. நான் பிடிப்பதற்குள் காயப்போட்டிருந்த சீனியவரைக்காய் வத்தல்மேல் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை. வத்தல்தான் நொறுங்கியது.

அடுத்த மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, ஆடித்தபசுக்கு இன்னும் நாள் கெடக்கே. அம்மனுக்கு முந்தி நீங்க ஒத்தக்கால் தவசு ஆரம்பிச்சுட்டீங்களோ?"

மூன்று பேரும் சிரித்தோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது நான் தலையணைமேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வைகாசியில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம் வந்தது. புளியங்குடிக்குப் பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். அவர் முண்டியடித்து முன்னால் எனக்காக ஒரு சீட்டைப் பிடித்துவிட்டார். கூட்டத்தைத் தாண்டி அங்கே போக எனக்கு வழியில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி. அவள் பை தோளிலிருந்து நழுவி, பால் பாட்டில் சீட்டுக்கடியில் உருண்டது.

"அக்கா, பிள்ளைய ஒரு நிமிஷம் பிடிங்களேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நல்ல கொழுகொழுவென்று கனத்த பிள்ளை. என் தாலிச்சங்கிலியைப் பிடித்து இழுத்தது. அதன் விரலைப் பிரித்துவிட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். பஸ் வளைந்தது, பிரேக் போட்டது, மறுபடி கிளம்பியது.

"ஏட்டி, கம்பியப் பிடி!" என்று முன்னாலிருந்து ஒரு சத்தம்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் எதையும் பிடிக்கவில்லை. பஸ் சாயும்போது முழங்கால் தானாக மடங்கியது, ஒரு பாதம் தானாக விலகி ஊன்றியது. நான் ஒன்றுமே செய்யவில்லை. சந்தோஷத்தில் குழந்தைக்கு முத்தம் கொடுத்தேன்.

"எனக்கு வேண்டாம், இந்தப் பிள்ளைக்காரிக்குச் சீட்டக் குடுங்க" என்றேன் சத்தமாக. அவர் எழுந்து, கைக்குழந்தையைப் பார்த்துக் கூட்டம் விட்ட வழியில் வந்த தாயையும் பிள்ளையையும் உட்காரவைத்துவிட்டு, கூட்டத்தில் நீந்தி என்னிடம் வந்து சேர்ந்தார். அடுத்த வளைவிலேயே ஆடிப்போனார்.

"உன் தோளப் பிடிச்சுக்கிடட்டா?"

"பிடிச்சுக்கிடுங்க."

புளியங்குடியில் இறங்கினோம். எலுமிச்சை மூட்டைகளின் வாசனை எங்கும் அடித்தது. வழியில் போகிறவர்கள் எங்களையே பார்த்தார்கள். அவர் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

"இறங்கியாச்சு, விடுங்க. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்ட்டி" என்றார்.