அழிக்க முடியாத கோலம்

இன்று அம்பாங்கானில், பேத்தி வீட்டில் கோல அட்டை ஆட்டம் ஆடினேன். ஒருவர் வைத்த கோட்டோடு அடுத்தவர் கோடு சேர்ந்தால்தான் கோலம் முடியும். அருமையான ஆட்டம்.

எதிரே, அந்நாளில் எங்கள் தோட்டத்துக் கங்காணியாக இருந்த மண்டோரின் மகள் பாப்பாத்தி.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அரிசியை அளந்து கொடுத்த மலாயா அவசரகாலம் அது. கோலா பிலா தோட்டத்தில் நான் அரிசி மாவில் போட்ட கோலத்தை, பாதியிலேயே தன் அப்பனிடம் சொல்லித் தண்ணீர் ஊற்ற வைத்தவள் இவள்.

இன்றும் நான் வைத்த அட்டையை எடுக்கக் கை நீட்டினாள்.

“வச்சது வச்சதுதான் லா பாட்டி, எடுக்கக் கூடாது,” என்று அவளைத் தடுத்தாள் பேத்தி.

ஆட்டத்திலேயே எனக்குப் பிடித்த சட்டம்.

“உங்கப்பாவுக்கு இது தெரியாம போச்சேடி,” என்றேன் பாப்பாத்தியிடம்.

பாப்பாத்தி தன் கடைசி அட்டையை வைத்தாள். கோலம் முடிந்தது.

நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைத்து, இதைப் படிக்கும் யாரும் வாழ்த்து அனுப்ப வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்கு யார் வருகிறீர்கள்?