ஆடிக் காற்றுக்குச் சாத்திய கதவு

மீசையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும்...

பட்டறையிலிருந்து என் வீட்டுக்காரர் அப்படித்தான் வருவார். எண்பதுகளின் தொடக்கம், எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டில் அவருக்கு வெல்டிங் வேலை. கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குத் தடுப்பு செய்ய ஆர்டர் வந்திருந்தது. எல்லாம் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்; பற்றவைத்தால் வெள்ளைப் புகை கிளம்பிப் பஞ்சு பஞ்சாகப் படியும்.

நம்ம ஊர் ஆடிக் காற்று தெரியும்தானே? மண்ணை அள்ளிக் கண்ணில் போடும். அதனால் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம் வந்ததும் தண்ணீர் கேட்டார். ஒரு மடக்கு குடித்தார்.

"தண்ணி ஏன்ட்டி இனிக்கு? சீனி போட்டியா?"

விளக்கு வைப்பதற்குள் உடம்பு தூக்கிப் போட்டது. இருந்த போர்வையெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. மலேரியா என்றே நினைத்தேன்.

விடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி குளித்துவிட்டுக் கிளம்பினார்.

"காய்ச்சலோட எங்க போறிய?"

"இது ஜி.ஐ. பைப் புகையில வார காய்ச்சல். தண்ணி இனிச்சதும் அதனாலதான். ஒரு தம்ளர் பால் குடிச்சா புகையெல்லாம் இறங்கிரும். பட்டறையில எல்லாரும் அப்படித்தான் செய்தாவ."

நானும் நம்பினேன். தினமும் பால் காய்ச்சிக் கொடுத்து அனுப்பினேன், புத்திசாலி மாதிரி.

நான்காம் நாள் மதியம் சாப்பாடு கொண்டு போனேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவைத் தள்ளினால் உள்ளே ஒரே வெள்ளைப் புகை. வெல்டிங் வெளிச்சம் இல்லை, சத்தமும் இல்லை.

கூப்பிட்டேன்...

உண்மையைச் சொல்கிறேன், ஓடிவிடத்தான் தோன்றியது. அவ்வளவு பயம். குனிந்து பார்த்தபோது பைப் அடுக்கில் சாய்ந்து கிடந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். காற்றுப் பட்டதும் இருமினார். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். "பால் வயித்துக்குத்தாம்மா போகும். இவரு புகைய நெஞ்சுக்குள்ள இழுத்திருக்காரு."

பத்து நாள் படுக்கை. பிழைத்தார்.

இப்போது அதே ரோட்டில் பட்டறைக்குப் பட்டறை புகையை வெளியே தள்ள ஃபேன் இருக்கிறது. மாஸ்க்கும் இருக்கிறது, பாதிப் பேருக்குத் தாடையில்.

அவர் வேலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. பயம்தான் என்னை விடவில்லை. மதியத் தூக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்காவிட்டால், போய் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.

போன வாரம் கண்ணைத் திறக்காமலே சொன்னார்...

"இருக்கேன்ட்டி. போயி சோலியப் பாரு."