சம்சாரம் என்று மட்டும் போட்ட செய்தி

இன்று காலை சாமி படத்துக்குக் கண்ணாடி மாற்ற ஃபிரேம் கடைக்குப் போயிருந்தேன்.

எனக்கு முன்னால், திருமங்கலத்திலிருந்து வந்த ஓர் அக்கா பழுப்பேறிய பேப்பர் துண்டு ஒன்றைக் கடைக்கார பாயிடம் நீட்டினார். அவருடைய அம்மாவைப் பற்றிய பழைய செய்தியாம்.

பாய் சத்தமாக வாசித்தார். “விறகுக்கடை முத்தையாவின் சம்சாரம் கண்மாயில் குதித்து இரு குழந்தைகளை மீட்டார்.” துண்டைத் திருப்பியும் பார்த்தார். “ஏங்க்கா, அம்மா பேரு எங்க?”

“அம்புட்டுத்தாண்ணே போட்டிருக்கான். அப்பா பேரு இருக்கு, கடை இருக்கு. குதிச்சவ பேருதான் இல்ல.”

“கடையே போய்க் குதிச்ச மாதிரில்ல இருக்கு.”

அக்கா சிரித்தார். கண் கலங்கியிருந்தது. “கீழ தங்க எழுத்துல பேச்சியம்மாள்னு எழுதிருங்கண்ணே. நாளைக்கு என் பேத்தி பாத்தா யாருன்னு தெரியணும்ல.”

அந்தக் காலத்துப் பத்திரிகையில் கல்யாணமானவளுக்கு ‘சம்சாரம்’தான் முழுப் பெயர் போல. எழுதியவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே கோவிலுக்குப் போனேன்.

அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். வழக்கம்போல வீட்டுக்காரர், மகன், மருமகள், மகள் என்று சொல்லி முடித்தேன். அவர் சந்நிதிக்குத் திரும்பியபோதுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் என் பெயரை நான் சொன்னதே இல்லை.

“சாமி, இன்னொரு பேரு இருக்கு” என்று என் பெயரைச் சொன்னேன்.

“நட்சத்திரம்?”

அதுதான் சட்டென்று வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை காத்து நின்றது.

உங்கள் வீட்டில் அர்ச்சனைக்குப் போகிறவரின் நட்சத்திரம் என்ன? அவரிடம் கேட்காமல் சொல்லுங்கள், பார்க்கலாம்.