காற்றை விட்டால் நிற்கும்

"ஸ்டீயரிங் எல்லாம் கிடையாதுங்க" என்று இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே சொல்கிறார் லூர்துராணி. பக்கத்து வீட்டுக் கமருன்னிசா விடுவதாயில்லை. "அப்ப வளைவுல எப்படித் திருப்புவீங்க?"

"நான் எங்கங்க திருப்புறேன்? தண்டவாளம் திருப்புது. நான் கூடப் போறேன்."

பாலக்கரையில் எங்கள் தெருவில் ரயில் ஓட்டுகிறவர் இவர் ஒருவர்தான். கல்யாண வீடோ ரேஷன் கடையோ, போகிற இடமெல்லாம் கேள்விகள். தூக்கம் வந்தா என்ன செய்வீங்க? இன்ஜின்ல பாத்ரூம் இருக்கா? அவருக்கு அலுப்பதே இல்லை. பிரேக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் தணிந்துவிடும்.

"பைப்புல காத்து இருக்குற வரைக்கும்தான் வண்டி ஓடும். காத்தைத் தொறந்து விட்டா பிரேக் புடிச்சுக்கும். ஆனா உடனே நிக்காது. இரும்பு மேல இரும்பு, வழுக்கிட்டே போகும்."

காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டியின் சத்தம் மாறுமாம். "தூங்கும்போது யாரோ நம்மளத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்."

போன மார்கழியில் ஒரு காலை, விருத்தாசலம் போகும் அவருடைய வண்டியில் நானும் இருந்தேன். முதல் பெட்டி, வாசலோரம். ஸ்ரீரங்கம் கடந்து, கொள்ளிடமும் கடந்தாயிற்று. பனியில் வயலும் வானமும் ஒன்றாய்க் கிடந்தன. திடீரென்று ஹாரன் அலறியது. நிற்காமல் அலறியது. பிறகு புஸ்ஸென்று காற்று; சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டி வளைவில் இருந்தது; எட்டிப் பார்த்தேன். தண்டவாளத்தின் நடுவே, முதுகைக் காட்டியபடி, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெரியவர் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தார்.

வண்டி வழுக்கிக்கொண்டே போனது. கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது நின்றிருந்தது. இன்ஜினுக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் இடம். பெரியவர் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தார்.

லூர்துராணி இறங்கி ஓடிப்போய்த் தோளைத் தொட்டார். திரும்பியவர் இன்ஜினைப் பார்த்தார்; கட்டு நழுவி விழுந்தது. காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். திட்ட வாயெடுத்த லூர்துராணி குனிந்தார். கட்டைத் தூக்கி அவர் தலையில் வைத்து, கையைப் பிடித்து வரப்பில் இறக்கிவிட்டார்.

"மேடம், கிளம்பலாமா?" இன்ஜின் ஜன்னலிலிருந்து உதவியாளர் சகாயநாதன் கேட்டார்.

"இருங்க."

கொஞ்ச தூரம் போன பெரியவர் திரும்பிப் பார்த்தார். இன்னும் தள்ளிப் போங்க என்று லூர்துராணி கையை வீசினார். போனார். மறுபடி திரும்பினார். மறுபடியும் வீசினார். புல்லுக்கட்டு பனிக்குள் கரைந்த பிறகும், அந்தக் கை இறங்கவில்லை.