பித்தளைப் பூண்

என் அடுப்படி அலமாரியில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பூண் கிடக்கிறது. ஒரு சாண் நீளம். ஒரு ஓரம் வாய் பிளந்திருக்கும். உலக்கைப் பூண் என்று நினைத்துக்கொண்டு, பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடலாமா என்று மருமகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போடி, உன் சோலியைப் பார் என்று விரட்டிவிடுவேன். அது வில்லுப்பாட்டு வில்லின் நடுவில் இருந்த பூண். என் மதினி செய்வித்தது.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாட்டுக்காரர். மதினி பிறந்தது வில் செய்கிற குடும்பத்தில். வைரம் பாய்ந்த பனையைப் பிளந்து, சீவி, எண்ணெய் ஊட்டி வளைத்து, தோல் நாண் ஏற்றுவார்கள். ஆண் பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அப்பாவின் கைவாகு மதினிக்கு வந்திருந்தது. பகலில் அவளும் நானும் விஸ்வநத்தம் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அறுபதுகளின் தொடக்கம் அது.

வில்லோ இரண்டு ஆள் நீளம். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். "பந்தக்காலைத் தூக்கிட்டு எங்கய்யா வாரீக, எறங்குங்க" என்பார் கண்டக்டர். வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கோவில் கொடைத் திருவிழா பாதி முடிந்திருக்கும். இப்படியே இரண்டு ஊர்கள் கைவிட்டுப் போயின. பாட்டைத் தவிர எதுவும் தெரியாத மனிதர் அண்ணன். சோற்றில் கையை வைத்துக்கொண்டு உண்ணாமல் உட்கார்ந்திருப்பார். மதினிதான் சொன்னாள், "இம்புட்டுத்தான? நடுவுல ரெண்டாக்கி ஒரு பூண் போட்டுருவோம். போன எடத்துல மாட்டிக்கிடுங்க." அவள் அப்பா, இரண்டு துண்டு வில்லா என்று சிரித்தாலும், இருந்ததிலேயே நல்ல பனையைத்தான் கொடுத்து அனுப்பினார்.

பூணுக்காக அவளும் நானும் சிவகாசியில் அச்சு மிஷின் பழுது பார்க்கும் லேத்துப் பட்டறைக்குப் போனோம். "இரும்புக் குழாய் போடு தாயி, காலத்துக்கும் நிக்கும். பித்தளை இளகும்" என்றார் பட்டறைக்காரர். மதினி தலையை ஆட்டினாள். "அடி வாங்குற எடத்துல இரும்பு ஆகாதுண்ணாச்சி."

அது எங்கள் கம்பெனிப் பாடம். வெடிமருந்து இருக்கும் இடத்தில் இரும்பு உரசக்கூடாது. கரண்டியிலிருந்து சுத்தியல் வரை பித்தளைதான். மதினியின் தங்கச்சி மருந்து கலக்கிற ஷெட்டில்தான் செத்தாள். யாரோ மறந்து வைத்த இரும்புச் சுரண்டி உரசியது என்றார்கள். வில்லில் மருந்து ஏது, பொறி பறந்தால்தான் என்ன? எனக்கு அப்போது அது தோன்றவில்லை. பித்தளை என்றதும் எனக்கும் மனசு நிம்மதியாகத்தான் இருந்தது.

நாலைந்து சின்னக் கொடைகளில் அந்த வில் மணி மணியாகப் பேசியது. அண்ணன் சாக்கில் சுற்றிய இரண்டு துண்டுகளோடு பஸ் ஏறிய அழகைப் பார்க்க வேண்டுமே! விட்டுப்போன ஊர்களில் ஒன்று, தாயில்பட்டிப் பக்கம், மறுபடி அழைத்தது. இந்தக் கொடை நன்றாக நடந்தால் மற்றதும் அழைக்கும் என்று அண்ணன் நம்பினார்.

மதியக் கொடை. வெயிலென்றால் அப்படியொரு வெயில். அந்தக் கோவிலில், வில்லுக்குப் பூசை போட்டபின் மங்களம் பாடும்வரை குழுவைத் தவிர வேறு கை வில்லில் படக்கூடாது. கதையும் நடுவில் நிற்கக்கூடாது. அம்மன் பிறக்கிற கட்டம் வந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏத்தா, சத்தம் மாறுது. பூண் வாய் பொளக்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணனைக் கூப்பிடட்டா மதினி?"

"அம்மன் பொறக்குறப்பவா?" பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "ஒரு கயித்தைச் சுத்துனாப் போதும். ஒரே ஒரு கயிறுத்தா."

கைக்கெட்டும் தூரத்தில் பந்தல் கயிறு தொங்கியது. எங்களால் என்ன செய்ய முடியும்? அண்ணன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் மதினியின் விரல் என் கையில் இறுகியது. பூண் கிழிந்தது. நாண் தொய்ந்து, மணிகள் குடத்தின் மேல் சரிந்தன. மேளமும் நின்றுபோனது.

ஊர்ப் பெரியவர்கள் ஏசவில்லை. தேங்காய் பழத்தோடு பேசிய பணத்தையும் தட்டில் வைத்து, "அம்மனுக்கு மனசில்ல போல. போயிட்டு வாங்க" என்றார்கள். அந்த மரியாதையைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். அண்ணனும் மதினியை ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு எந்த ஊரும் அழைக்கவில்லை. அவர் அச்சாபீஸில் பேப்பர் பண்டல் இறக்கப் போனார். வீட்டில் முணுமுணுப்பாகக்கூட அவர் பாடி நான் கேட்டதில்லை.

சில வருடம் கழித்து எங்கள் தெருக் கோவிலுக்கு வேறொரு குழு வந்தது. அவர்கள் வில்லும் இரண்டு துண்டுதான். இரும்புக் குழாய், இரும்புத் திருகு. ஒருவன் ஸ்பேனரால் தட்டித் தட்டி முடுக்கினான். ஒவ்வொரு 'டங்'குக்கும் மதினி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மங்களம்வரை வில் அசையவில்லை. வீடு திரும்பும் வழியில் சொன்னாள்.

"பட்டறைக்காரர் சொன்னது அன்னைக்கே எனக்கு வெளங்குச்சுத்தா. கைதான் இரும்பைத் தொட மாட்டேனுருச்சு."

இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மருமகள் இன்று காலையும் கேட்டாள். பூணைப் புளி போட்டுத் துலக்கி, திரும்ப அங்கேயே வைத்தேன்.